மலைக்கல்லூரியின் மஞ்சள் பஸ்

நிஜமா என்று கேட்கமாட்டீர்கள் என்றால் சொல்கிறேன். பஸ்ஸில் ஏறினால் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே போன காலம் அது. சந்தைப்பேட்டைக்கு மேற்கே மலையடியில் ஒரு கல்லூரி, கிழக்கே ஆற்றங்கரையில் இன்னொன்று. மலைக்கல்லூரித் தாளாளர் வைரவனிடம் மூன்று விரிவுரையாளர்கள் இருந்தார்கள்: கணக்குக்கு ஹனீபா, பௌதிகத்துக்கு இருதயராஜ், தமிழுக்குச் சௌந்தரவல்லி. அவர்கள் பாடம் நடத்தினால் காட்டெருமைகூட ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டுப் போகும். சம்பளம் மட்டும் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. கிழக்குக்காரர்கள் கூடுதலாகத் தருகிறோம் என்று பல வருஷமாகக் கூப்பிட்டும் ஒருவரும் அசையவில்லை.

மூவருக்கும் வீடு சந்தைப்பேட்டையில். காலையும் மாலையும் கல்லூரியின் மஞ்சள் பஸ்ஸில் ஒரு மணி நேரம். சௌந்தரவல்லியின் எலுமிச்சைச் சாதம் முன் சீட்டில் கிளம்பினால், கடைசி சீட்டுக்கு வெறும் டப்பாதான் போய்ச் சேரும். இருதயராஜ் பாடினால் பஸ்ஸே தலையாட்டும். "இது பாட்டா, மாடு விரட்டுற சத்தமா?" என்பார் ஹனீபா, பாட்டு நின்றால் கோபித்துக்கொள்பவரும் அவரே.

அந்த வருஷம் பல்கலைக்கழகக் குழு ஆய்வுக்கு வருவதாகச் சேதி. மூவரில் ஒருவர் குறைந்தாலும் கல்லூரியின் அங்கீகாரம் போய்விடும். பயந்துபோன வைரவன், கிழக்கைவிட அதிகமாகவே சம்பளத்தை ஏற்றினார். பணத்துக்கு எங்கே போவது? ஓட்டை பஸ்தானே என்று அதைத் தரகரிடம் தள்ளிவிட்டார். கிழக்கே யாரோ வாங்கிப் போனதாகக் கேள்வி. ஆளுக்கொரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கினார்கள். தனித்தனியாக வந்து தனித்தனியாகப் போனார்கள்.

கொஞ்ச நாளில் மூவரும் கிழக்குக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள், அதுவும் குறைந்த சம்பளத்துக்கு!

வைரவன் ஹனீபாவைக் கடைத்தெருவில் மறித்தார். "என்ன சார், நான் குடுத்தது பத்தலையா?"

"நிறையவே குடுத்தீங்க ஐயா. அதுல ஒரு குத்தமும் இல்ல," என்று நெளிந்தாரே தவிர, ஹனீபா காரணம் சொல்லவில்லை. ஸ்கூட்டரையும் விற்றுவிட்டாராம்.

கூடின சம்பளத்தை உதறிவிட்டு மூவரும் போனது ஏன்? தப்பு யார் மேல்? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: மஞ்சள் பஸ்ஸை வாங்கியது கிழக்குக் கல்லூரி; இப்போது மூவரும் அதில்தான் போய்வந்தார்கள். சம்பளம் அவரவர் வீட்டுக்குப் போவது. மூவருக்கும் பொதுவாகக் கிடைத்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் ஒரு சலுகையாக எண்ணத் தோன்றாத வைரவன் மேல்தான் தப்பு. விஷயம் புரிந்தபோது ஆய்வு நாளே வந்துவிட்டது. மலையடியில் குழு காத்திருக்க, மூவரையும் கையோடு கூட்டிவரலாமென்று அவர் சந்தைப்பேட்டையில் அந்தப் பஸ்ஸில் ஏறினார். இருதயராஜ் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு முடியட்டும், பேசலாம் என்று உட்கார்ந்தவர் கிழக்குக் கல்லூரி வாசலில்தான் இறங்கினார். இறங்கியதும், மாலை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாராம்.