கல்லைத் தொடர்ந்து வந்த நாய்கள்

நெடுங்காலத்துக்கு முன், ஆறு கடலோடு கலக்கும் இடத்திலிருந்த செம்பியநகரைக் குமணராயன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் இட்ட ஆணையை மதிய உணவுக்குள் மாற்றிவிடுவான். மாளிகைகளைக் கட்டுவதும் இடிப்பதும் அவனுடைய பிரபுக்களுக்குப் பொழுதுபோக்கு. இடித்த கற்களையெல்லாம் கழிமுகத்து மேட்டில் கொட்டிவந்தார்கள்.

அந்த மேட்டில் எருக்கும் தாழையும் தம் விருப்பம்போல் மண்டின. தெருநாய்கள் ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெயில் காய்ந்தன. சுவர்களுக்கு வெள்ளையடிக்கும் செங்கமலம், மீந்த சுண்ணாம்பையும் காவியையும் கொண்டுவந்து அக்கற்களில் மீன்களும் குதிரைகளும் வரைந்தாள். அவளைப் பார்த்து வேறு சிலரும் வரையத் தொடங்கினார்கள். அவர்களுக்கென்று ஊரில் வேறு சுவர் கிடையாது.

பூங்கா அதிகாரி வாகைநாதருக்கு இது பொறுக்கவில்லை. தாம் வெட்டிச் சீராக்கிய சோலையைத் திரும்பியும் பாராமல் கடந்துபோன அரசன், பல்லக்கை நிறுத்திச் செங்கமலம் வரைந்த குதிரையைப் பார்த்துவிட்டான்.

“அரசே, நகரின் வாசலில் குப்பைமேடா? கற்களை அகற்றி, நாய்களை விரட்டி, நூல்பிடித்தாற்போல் ஒரு நந்தவனம் அமைக்கிறேன். அதற்குத் தங்கள் பெயரையே சூட்டுவோம்” என்று அவையில் சொன்னார் அவர்.

பெயர் என்றதும் அரசன் உருகிவிட்டான். “நாளைக்கே தொடங்கும்.”

அவையின் மூலையில் தூணுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த செங்கமலம் மட்டையைக் கீழே வைத்தாள். “சாமி, அதை விட்டால் எங்களுக்கு வரைய இடமில்லை. அந்த நாய்களுக்கும் படுக்க இடமில்லை.”

“நீ தூணைப் பூசு, அம்மா. அழகை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார் வாகைநாதர்.

அமைச்சர் நன்னாகனார் மெல்ல எழுந்தார். “ஓர் ஐயம். அகற்றும் கற்களை எங்கே போடுவது?”

“வந்த இடத்துக்கே போகட்டும். இதைக்கூடவா நான் சொல்லித்தர வேண்டும்?”

“அப்படியே ஆணையில் எழுதிவிடட்டுமா?”

“எழுதும்” என்றார் வாகைநாதர். அரசன் முத்திரையிட்டான்.

கல்லின் அடியில் அது எந்த வீட்டுக்கு உரியதோ அந்த வீட்டின் குறியைச் செதுக்குவது செம்பியநகரக் கொத்தரின் வழக்கம். மறுநாள் கற்களைப் புரட்டினார்கள். பெரும்பாலானவற்றில் இருந்தது வாகைநாதரின் அன்னக்குறி. மனிதர் தம் மாளிகையை மூன்று முறை இடித்துக் கட்டியவர் அல்லவா? வண்டிகள் அவர் வாசலை நோக்கிப் புறப்பட்டன. ஒவ்வொரு கல்லின் பின்னும் அதற்குரிய நாய் நடந்தது. நாய்களுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கலயங்களோடு வரைகிறவர்கள் நடந்தார்கள். சில குதிரைகளுக்கு இன்னும் வால் போடவில்லை.

மூன்றாம் நாள், பட்டு அங்கவஸ்திரமெல்லாம் நாய்முடியாக வாகைநாதர் அவைக்கு வந்தார்.

“விரட்டுவதுதானே?” என்றான் அரசன்.

“விரட்டினேன், அரசே. கல்லை ஒருமுறை சுற்றிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கின்றன. வரைகிறவர்களோ மதில்வரை வந்துவிட்டார்கள். என் மனைவி வேறு, அந்த மீன் நன்றாயிருக்கிறது, இருக்கட்டும் என்கிறாள்.”

அரசன் மகுடம் சரியச் சிரித்தான். “உமக்கு என்னதான் வேண்டும்?”

“கற்கள் பழைய இடத்துக்கே போகட்டும். இனி அந்த மேட்டில் ஒரு புல்லைக்கூட யாரும் தொடக் கூடாது.”

“இதையும் எழுதிவிடட்டுமா?” என்று கேட்டார் நன்னாகனார்.

“எழுதும், எழுதும்.”

செங்கமலம் தூணருகிலிருந்து சொன்னாள்: “சாமி, ஓலையில் எழுதினால் மதியத்துக்குள் மாறிவிடும். கல்லில் வெட்டச் சொல்லுங்கள்.”

அரசன் அவளை உற்றுப் பார்த்தான், பிறகு, “உண்மையைச் சொன்னாய். இனி உனக்குச் சுண்ணாம்பும் காவியும் அரண்மனைக் கிடங்கிலிருந்து வரும்” என்றான்.

வாகைநாதரின் சொற்களை, அவர் பெயரோடு, அன்னக்குறியிட்ட கல்லொன்றில் வெட்டி மேட்டில் கிடத்தினார்கள். பார்க்க அரசனும் வந்திருந்தான். செவலை நாயொன்று கல்லை முகர்ந்து, ஒருமுறை சுற்றி, சரியாக அந்தப் பெயரின்மேல் படுத்துக்கொண்டது.

அன்று மதியம் அரசன் எந்த ஆணையையும் மாற்றவில்லை.