இடுப்பில் தொங்கிய கனம்

பொள்ளாச்சிப் பக்கம் தெய்வசிகாமணி என்றொரு மில் முதலாளி இருந்தார். கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்ததிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. லைசென்ஸில் டிரைவர் மாரப்பன் பெயரையும் காவலுக்குச் சேர்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரைபிள் கிளப்புக்குக் கிளம்பும்போது மாரப்பனைக் கூப்பிட்டார். "தோட்டாவைப் போட்டு உறையில வெச்சுக் குடு. இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் வருவேன், கடைவீதியே பாக்கட்டும். போலீஸ் புடிச்சா நீதான் தப்பிக்க வெக்கணும். இல்லே, உன் வேலை போச்சு!"

"சரிங்க மொதலாளி" என்று உள்ளே போன மாரப்பன், மூடி போட்ட தோல் உறையைக் கனமாகக் கொண்டுவந்து அவர் இடுப்பில் கட்டிவிட்டான்.

கடைவீதியில் முதலாளி காரை விட்டு இறங்கி ஒரு நடை நடந்துவிட்டு ஏறினார். அதைத் தாண்டியதும் செக்போஸ்டில் இன்ஸ்பெக்டர் கை காட்டினார். முதலாளி இறங்கி இடுப்பைத் தட்டினார். "யாரை நிறுத்தறீங்க? இதுல தோட்டா போட்ட துப்பாக்கி இருக்குது!"

இன்ஸ்பெக்டர் முகம் மாறியது. சட்டென்று உறையைத் திறந்தார். உள்ளே இஞ்சி தட்டுகிற சின்ன இரும்பு உலக்கை!

மாரப்பன் டிக்கியைத் திறந்தான். பூட்டிய பெட்டியில் தோட்டா இல்லாத துப்பாக்கி, தோட்டாவுக்குத் தனிப்பெட்டி, கூடவே லைசென்ஸ்.

"மொதலாளிக்கு இடுப்புல கனம் வேணுமுங்க. சட்டத்துக்குத் துப்பாக்கி பெட்டியில இருக்கோணுமுங்க. ரெண்டு பேர் மனசும் நோகாமப் பாத்துக்கிட்டேனுங்க."

இன்ஸ்பெக்டர் உலக்கையை மோந்து பார்த்தார். "இஞ்சிக்கு லைசென்ஸ் வேண்டாம். கெளம்புங்க."

கிளப் வாசலில் கார் நின்றது. இறங்கும்போது முதலாளி மெல்லக் கேட்டார். "கடைவீதியில யாராச்சும் கண்டுபுடிச்சாங்களா?"

"எல்லாரும் எந்திரிச்சுக் கும்புட்டாங்க, மொதலாளி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி தானே அடுப்படிக்குப் போய், உலக்கையைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தார்.