முன்னால் வந்த ஆட்கள்

ஜமீன்தார் தீர்த்தயாத்திரை கிளம்பினால் எல்லையிலுள்ள மேட்டுச் சத்திரம் முழுக்க அவருக்கே வேண்டும். சாமிக்குக்கூட அத்தனை அறை கிடையாது. இந்த வருஷமும் சத்திரம் பெருக்குகிற வெள்ளச்சிக்கு முன்கூட்டியே உத்தரவு வந்துவிட்டது: “நான் அனுப்புகிற ஆட்கள் முன்னால் வருவார்கள். அவர்களைத் தவிர ஒரு ஈ, காக்காய் உள்ளே நுழையக்கூடாது.”

அடைமழையில் பல்லக்கு வந்து நின்றது. சத்திரம் நிறைய ஈரத்துணியோடு ஜனங்கள், பிள்ளைகளின் அழுகை.

“யாரடி இதுகளெல்லாம்?” என்று ஜமீன்தார் கத்தினார்.

“நீங்க அனுப்பின ஆளுங்கதான் எசமான்.”

“நானா? எப்போது அனுப்பினேன்?”

“ஏரிக்கரை விரிசல் விட்டிருக்குன்னு வருஷா வருஷம் உங்க வாசல்ல வந்து அழுதாங்களே, அப்பவே அனுப்பிட்டீங்க. நேத்து கரை உடைஞ்சுது, வந்து சேர்ந்துட்டாங்க.”

பல்லக்கும் ஒழுகத் தொடங்கியது. “எனக்கு இடம்?” என்றார் ஜமீன்தார்.

“கூடத்து மூலையில மூணு பேரைப் போட்டிருக்கு எசமான். மழை விட்டதும் சுடுகாட்டுக்குத் தூக்கிடுவாங்க. அதுவரைக்கும் பக்கத்துல உக்காருங்க. இனிமே அவங்க உங்ககிட்ட எதையும் கேக்க மாட்டாங்க.”