மீதிப் பாதி

"ஒரு போன் இன்னொரு போனுக்குச் சார்ஜ் கொடுக்கணுமாம்மா?"

வணக்கம்கூடச் சொல்லாமல் குணசீலன் இப்படித்தான் கேட்டார்.

புயலுக்கு முன்பே அவர் மலைக்கு வந்துவிட்டார். வந்த அன்று தவமணி அம்மா மௌன விரதத்தில் இருந்தார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. மலைப்பாதை சரிந்தது. கேள்வியை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு அவர் ஆசிரமத்தில் காத்துக் கிடந்தார்.

மழை விட்ட அந்தக் காலையில் அம்மாவின் மௌனமும் முடிந்தது.

குணசீலனுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சென்னைக்கு அருகே போன் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பேட்டரிப் பிரிவுக்கு அவர் தலைவர். தவமணி அம்மா அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். துறவுக்கு முன் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். பேச்சு இன்றும் டிக்கெட் கிழிப்பதுபோல்தான். தேவையானதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அம்மா ஈரப் புடவைகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிக் கொடுக்கும்?" என்று கேட்டார்.

குணசீலன் சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்துக் காட்டினார். இன்னும் கடைக்கு வராத போன். சோதனைக்காகச் செய்தது. அதில் சிம் போடவே இடமில்லை. யாரையும் கூப்பிட முடியாது. ஆனால் அதன் முதுகில் இன்னொரு போனையோ கைக்கடிகாரத்தையோ வைத்தால், வயரே இல்லாமல் இதிலிருந்து அதற்குச் சார்ஜ் ஏறும்.

அவருடைய பிரிவில் வேலை செய்யும் ரெஹானா என்ற பெண்தான் அதை உருவாக்கியவள். இரண்டு வருட உழைப்பு. புதுப் போனில் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குணசீலன் முடிவு சொல்ல வேண்டும். வேண்டாம் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. சொன்னால் அவள் வேலையை விட்டுவிடுவாள் என்பதும் தெரிந்திருந்தது.

"பாதி சார்ஜ் சூடாகவே போயிடுதும்மா. வாங்கறவனுக்கும் முழுசாக் கிடைக்கல. கொடுக்கறவனுக்கும் நஷ்டம். இது என்ன வசதி?"

அம்மா ஒரு புடவையை உதறினார்.

"ஒரு விளக்குல இருந்து இன்னொரு விளக்கை ஏத்தினா முதல் விளக்கு குறையாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதை ரெஹானாவே சொல்லிப் பாத்துட்டா."

"சொல்ல மாட்டேன். உங்க போன் குறையும்."

"அதானேம்மா என் கஷ்டம்."

"குறையலைன்னா, இதுல கேக்க என்ன இருக்கு?"

குணசீலன் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றுப் பக்கமிருந்து கூச்சல் வந்தது.

இருவரும் இறங்கி ஓடினார்கள்.

ஆசிரமத்துக்குக் கீழே காட்டாறு. அக்கரையில் சாமைக் கொல்லைகள். மழை விட்டதும் பயிரைப் பார்த்துவர ஊர்ப் பெண்கள் சிலர் விடியற்காலையிலேயே போயிருந்தார்கள். திரும்பும்போது முழங்கால் அளவுதான் தண்ணீர். பாதி ஆற்றைக் கடந்தபோது திடீரென்று வெள்ளம் ஏறிவிட்டது. நடுவில் இருந்த பாறையைப் பிடித்து ஏறிக்கொண்டார்கள்.

பாறை சிறியது. ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியின் முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தை.

கரையில் நின்றவர்கள் கயிறு வீசினார்கள். வெள்ளம் அதைப் பாறைக்கு எட்ட விடாமல் இழுத்துப் போனது. நீந்திப் போக இறங்கிய ஒருவரைத் தண்ணீர் புரட்டி எடுத்து, தள்ளிப்போய் ஒரு புங்க மரத்தில் மோதி நிறுத்தியது. அவர் எழுந்து தள்ளாடி வந்தார். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை.

ஊராட்சித் தலைவி பூங்காவனம் கரையோரம் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். குழந்தையோடு நிற்பவள் அவருடைய மருமகள் செவ்வந்தி.

வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. மேலே மலை ஏரி நிரம்பியிருக்கும். மதகைத் திறந்திருப்பார்கள். ஆற்றில் ஆள் நிற்பது மதகுக்காரர் மாசிலாமணிக்குத் தெரியாது. மதகு அறையில் ஜெனரேட்டர் உண்டு, அவர் போன் உயிரோடுதான் இருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூடிவிடுவார். ஆனால் ஏரிக்குப் போகும் பாதை சரிந்து கிடந்தது. சுற்றிப் போய்ச் சேர மாலையாகிவிடும். பாறை அதுவரை தாங்காது. தண்ணீர் பெண்களின் கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஊரில் கரண்ட் போனதிலிருந்து எல்லாருடைய போனும் செத்துக் கிடந்தது. குணசீலனுடைய சொந்தப் போனும் அப்படித்தான். சிம் இல்லாத அந்தச் சோதனைப் போனில் மட்டும் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்தது.

பூங்காவனம் இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து வீணாக அமுக்கிப் பார்த்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய விலையுயர்ந்த போன். சார்ஜ் ஏற்றும் துளையில் தண்ணீர் புகுந்து சொட்டியது.

குணசீலன் அந்தப் போனைப் பார்த்தார். வயரில்லாமலும் சார்ஜ் வாங்கும் வகை அது.

"அதை இங்க கொடுங்கம்மா" என்றார்.

பக்கத்தில் இருந்த ஒரு கல்லில் உட்கார்ந்து, தன்னுடைய சோதனைப் போனின் முதுகில் பூங்காவனத்தின் போனை வைத்தார். கொடு என்று கட்டளை கொடுத்தார்.

போன் கொடுக்கவில்லை. சார்ஜ் குறைவாக இருப்பதால் பகிர முடியாது என்று திரையில் எழுதிக் காட்டியது.

"என்ன சொல்லுது?" என்றார் தவமணி அம்மா.

"முப்பது சதவீதத்துக்குக் கீழ இருந்தா யாருக்கும் கொடுக்காது. தனக்கு வேணுமே, அதுக்காக."

"யார் சொல்லிக் கொடுத்தது?"



"நான்தான்."

அம்மா கல்லில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காற்று படாதபடி முந்தானையை விரித்துப் பிடித்தார்.

குணசீலன் சோதனைப் போனின் உள் அமைப்பைத் திறந்தார். அந்த எல்லையைப் போடுவதற்காக அலுவலகத்தில் எத்தனையோ முறை வாதாடியிருந்தார். ரெஹானா வேண்டாம் என்று கெஞ்சியும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது அவரே அந்த எல்லையை அழித்தார்.

இரண்டு போன்களையும் மறுபடி முதுகோடு முதுகு சேர்த்தார். அசைந்தால் நின்றுவிடும் என்பதால் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

சார்ஜ் போகத் தொடங்கியது.

ஆற்றில் ஒரு பெண் பாறையிலிருந்து வழுக்கினாள். மற்றவர்கள் பிடித்து இழுத்தார்கள். பூங்காவனம் கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

குணசீலனின் உள்ளங்கைகள் சுட்டன. அவருக்கு அந்தச் சூடு நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல அவர் சேர்த்து வைத்திருந்த அத்தனை காரணங்களும் அந்தச் சூட்டில் இருந்தன.

"பாதி வீணாப் போகுதும்மா" என்றார்.

"மீதிப் பாதி?"

குணசீலன் கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

அவருடைய போனில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. பூங்காவனத்தின் போன் கறுப்பாகவே இருந்தது. கூட்டத்தில் யாரோ இது ஆகாத வேலை என்றார். இன்னொருவர் அவரைச் சும்மா இருக்கச் சொன்னார். குணசீலன் எதையும் கேட்கவில்லை. போன் விழிக்கும்போது திரையில் சுற்றும் வட்டத்துக்காகக் காத்திருந்தார்.

கறுப்புத் திரையில் வட்டம் சுற்றியது.

பூங்காவனம் மண்டியிட்டு உட்கார்ந்தார். போன் விழித்துக்கொண்டது. டவர் கிடைத்தது. மாசிலாமணியின் பெயரை அவரே தொட்டார். போன்களைப் பிரிக்க குணசீலன் விடவில்லை. போன் அவருடைய கைகளுக்குள் இருக்க, பூங்காவனம் அதன்மேல் குனிந்து பேசினார்.

"மாசிலாமணி, மதகை மூடு. ஆத்து நடுவுல நம்ம பொண்ணுங்க நிக்குதுங்க."

மறுமுனையில் மாசிலாமணி பதறினார்.

"ஒரு மணி நேரம் ஏரி தாங்கும்க்கா. இதோ மூடறேன். அதுக்குள்ள ஏத்திடுங்க."

வெள்ளம் உடனே குறைந்துவிடவில்லை. சொல்லப்போனால் கொஞ்ச நேரம் இன்னும் ஏறியது. பெண்கள் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பாறையின் ஓரத்தில் ஈரமான கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. தண்ணீர் இருந்த இடம். தண்ணீர் அதற்குக் கீழே இருந்தது.

கோடு அகலமானது.

இந்த முறை வீசிய கயிறு பாறையை எட்டியது. தவமணி அம்மா காவிப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். ஒவ்வொருத்தராக வா, முன்னால போ, நிக்காதே, நகரு என்று அவர் போட்ட சத்தம் ஆற்றின் சத்தத்துக்கு மேலே கேட்டது. நெரிசலான பேருந்துகளில் பழகிய குரல். பெண்கள் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுக் கயிற்றைப் பிடித்து நடந்து வந்தார்கள்.

செவ்வந்தி குழந்தையை மறுபடி முதுகில் கட்டிக்கொண்டு கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். கரையேறியதும் முதுகுத் துணியை அவிழ்த்துக் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை பாட்டியின் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு ஊரே சிரித்தது.

கடைசிப் பெண்ணும் கரையில் கால் வைத்தபோது ஒருத்தி குலவையிட்டாள். அடுத்தவள் சேர்ந்துகொண்டாள். கரை முழுக்கக் குலவைச் சத்தம் எழும்பியது. மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. வெள்ளத்தில் புரண்டு வந்தவர், நெற்றியில் ரத்தக் காயத்தோடு, யாருடைய தோளையோ பிடித்துக்கொண்டு ஆடினார்.

குணசீலன் அப்போதுதான் தன் கைகளைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கைகள் சிவந்திருந்தன. சோதனைப் போன் முழுதாக அணைந்து கிடந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

பூங்காவனத்தின் போனில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. மாசிலாமணியிடம் எல்லாரும் கரையேறிவிட்டதைச் சொல்லிவிட்டு, அவராகவே அதைக் குணசீலனிடம் நீட்டினார். வீட்டில் தேடுவார்கள், பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

குணசீலன் மனைவியிடம் நலமாக இருப்பதாக ஒரே வரியில் சொன்னார். அடுத்து ரெஹானாவைக் கூப்பிட்டார்.

"சேத்துடும்மா" என்றார்.

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. குலவைச் சத்தம் என்னவென்று கேட்டாள். வந்து சொல்வதாகச் சொன்னார். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு அவள் குரலைச் சரிசெய்துகொண்டு வேலைக்கு வந்தாள்.

"எல்லை எவ்வளவு வைக்கட்டும் சார்? முப்பதே இருக்கட்டுமா, இல்ல இருபதாக்கவா?"

தவமணி அம்மா கரையில் நின்று தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நாம வைக்க வேணாம்மா" என்றார் குணசீலன். "கையில வச்சிருக்கறவங்ககிட்டயே போனைக் கேக்கச் சொல்லு."