இசித்ரோ கேட்ட மன்னிப்பு

பத்து வருஷம் மலையில் ஒளிந்து ஸ்பெயின் ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்ட இசித்ரோ, ஒருநாள் வெறுங்கையோடு ஆளுநர் மாளிகைக்கு வந்து நின்றான்.

"போதும் ஐயா. மன்னிப்பு கொடுங்க, உழுது பிழைச்சுக்கறேன்."

என்னதான் நடக்கப்போகிறதென்று சபையே எட்டிப் பார்த்தது. மார்பில் பதக்கம் பளபளக்க, ஆளுநர் மீசையை முறுக்கினார். "ராஜாவுக்கு எதிராத் துப்பாக்கியே தூக்கலைன்னு நிரூபி. இல்லைன்னா தூக்குதான்."

"சாட்சி உங்க நெஞ்சுலயே இருக்கே! கலகக்காரன் இசித்ரோவைக் கொன்னுட்டேன்னு ராஜாவுக்கு எழுதித்தானே அந்தப் பதக்கம் வாங்கினீங்க? கலகம் பண்ணினவன் செத்துட்டான், நான் வெறும் உழவன். என்னைத் தூக்குல போட்டா, அப்போ கொன்னது யாரைன்னு ராஜா கேட்பாரே?"

ஆளுநர் ஒரு கையால் பதக்கத்தை மூடிக்கொண்டு, மறுகையால் மன்னிப்பு ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

வாசல்வரை போன இசித்ரோ திரும்பினான். "அந்தப் பதக்கத்தைத் தொலைச்சிடாதீங்க ஐயா, என் உயிர் அதுலதான் தொங்குது."