மூச்சுக்குழலில் கேட்ட சிரிப்பு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. அவசரப்படாதீர்கள், அது கடைசியில்தான் வரும்.

ஒரு காலத்தில் பவழக்கொடி என்ற பெண்ணின் மூச்சுக்குழலில் உறுமன் என்றொரு காவல்காரர் இருந்தார். அவருக்கு ஒரே எதிரி, புழு. அதை அவர் கண்ணால் கண்டதில்லை. ‘சுவரைச் சுரண்டும் சத்தம் கேட்டால் புழு. யோசிக்காதே, கத்து.’ பரம்பரைப் பாடம் அவ்வளவுதான்.

ஒருநாள் பவழக்கொடி பரணிலிருந்த பழைய மெத்தையை இறக்கித் தட்டினாள். ஒரு தூசி உள்ளே நுழைந்தது. ஆள் பொடிசு, ஆனால் எந்தச் சத்தத்தையும் அப்படியே எழுப்பும்; காக்கா மாதிரி கரையும், குக்கர் மாதிரி விசிலடிக்கும்.

“என்ன பெருசு, தூக்கமா?” என்று முணுமுணுத்துவிட்டுச் சுவரைச் சுரண்டியது. கர்ர்ர்... கர்ர்ர்...

உறுமன் யோசிக்கவில்லை, கத்தினார். “புழு! புழு வந்துருச்சு!”

அடுத்த வளைவுக் காவலர்கள் அதை வாங்கிக் கத்தினார்கள். கேட்ட குரலிலேயே திருப்பிக் கத்துவது அவர்கள் வழக்கம். படை திரண்டது. சுவர்கள் வீங்கின. சளி வழிந்தது. குழலைச் சுற்றிப் படுத்திருந்த தசை, பாம்பு போல இறுக்கியது.

“போதுமா அண்ணே?” என்று கேட்டது தசை.

“சத்தம் கேக்குதுல்ல? இன்னும் இறுக்குடா தம்பி!”

தூசியே அலறியது. “ஐயோ, நான்தாங்க! சும்மா விளையாட்டுக்கு...” ஓர் இருமல் அதை வெளியே தூக்கி எறிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

சுரண்டல் நின்றது. கத்தல் நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு “புழு! புழு!” என்று திரும்பி வந்தது. வரும்போதெல்லாம் உறுமனும் பதிலுக்குக் கத்தினார்.

அப்போதுதான் இருட்டுக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. ஈ... ஈ... ஈ... ஊசிமுனை போல, மெலிசாக.

“நம்மளப் பாத்துச் சிரிக்குதுடா! இறுக்கு!”

இறுக்க இறுக்கச் சிரிப்பு தேய்ந்தது. உறுமன் சுவரில் காதை வைத்தார். அந்தப் பக்கம் பவழக்கொடியின் விரல்கள் நெஞ்சைப் பிராண்டிக்கொண்டிருந்தன. அது சிரிப்பில்லை. உள்ளே வர வழி தேடும் அவள் மூச்சு.

“தம்பி... புழு எங்கடா?”

“நீங்கதானே அண்ணே பாத்தீங்க?”

உறுமன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதும் எல்லா வளைவுகளிலிருந்தும் “புழு! புழு!” என்று கேட்டது, அத்தனையும் அவர் குரலில்.