தொக்கு எறங்குற வரைக்கும்

வந்துட்டீங்களா? வாங்க, வாங்க. கையில ஆளுக்கு நாலு தோசை, தொட்டுக்க ஒண்ணுமில்ல, மூஞ்சி மட்டும் மூணு முழம் நீளம். நேத்து தங்கராசு வெங்காயத் தொக்கைத் தீய்ச்சுப்புட்டான்னு இன்னும் அவன்கூட யாரும் பேசலையாமே. வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டா ஒருத்தனுக்கும் காது கேக்காது. திட்டறதுன்னா மட்டும் வரிசை கட்டி நிப்பீங்க. சரி, உக்காருங்க. தோசை ஆறுனா ஆறட்டும். ஒரு கதை சொல்றேன். தங்கராசு, நீயும் வா. மூலையில நிக்காத.

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, நம்ம பாட்டனோட பாட்டன் தொட்டில்ல கெடந்ததுக்கும் முன்னாடி, ஆத்துக்கு அந்தக் கரையில ஒரு ராசா இருந்தாரு. நல்ல ராசாதான். வரி கம்மி, வம்பும் கம்மி. ஒரே ஒரு கோளாறு, அவசரம்.

பல்லு வெளக்கிக்கிட்டே கஞ்சி குடிப்பாரு. படுக்குறப்பவே செருப்பு போட்டுக்கிட்டு படுப்பாரு, காலையில நேரம் மிச்சம்னு. வழக்குன்னு ஒருத்தன் வந்தா, அவன் கும்பிட்டு நிமிர்றதுக்குள்ள தீர்ப்பு சொல்லிருவாரு. சொன்ன தீர்ப்பை மாத்த மாட்டாரு. மாத்தறதுக்கும் நேரம் ஆகும்ல?

அவரு தப்பு பண்ணிட்டாருன்னு இதுவரைக்கும் மூணு பேரு எடுத்துச் சொன்னாங்க. ஒருத்தருக்கு வேலை போச்சு. ஒருத்தருக்கு வீடு போச்சு. மூணாவது ஆளுக்கு என்ன போச்சுன்னு கேக்கலாம்னா, ஆளையே காணோம்.

அந்த ராசாவுக்கு ஒரு குதிரை, பேரு பவளம். அதைப் பாத்துக்குறவன் ஒண்டிமுத்து. அவன் பொண்டாட்டி குருவம்மா. லாயத்தை ஒட்டியே வீடு.

ஒண்டிமுத்துவுக்கு வெங்காயத் தொக்குன்னா உசுரு. ஆனா குருவம்மா வெங்காயம் உரிக்கிறப்பெல்லாம் பக்கத்துல வந்து நின்னுக்குவான்.

"தோலை வாசல்ல கொட்டிராத புள்ள. குதிரைக்கு வெங்காயம் விஷம். தின்னா ரத்தம் கெட்டுரும், ரெண்டு மூணு நாள்ல சுருண்டு விழுந்துரும்."

"நீ என்னையக் கட்டுனியா, குதிரையக் கட்டுனியா?"

"குதிரையத்தான் தெனமும் கட்டுறேன்."

அவளும் சிரிச்சுக்கிட்டே ஒரு சருகு விடாம கூட்டி, குழி தோண்டிப் பொதைப்பா.

ஒருநாள் காலையில பவளம் படுத்துருச்சு. ஈறெல்லாம் மஞ்சப் பாரிச்சிருச்சு. மூத்திரம் ரத்தக் கலர்ல போவுது. ஒண்டிமுத்து பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக்கிட்டு இருக்கான். ராசா வந்தாரு. ஒரே ஒரு பார்வை.

"விஷம். பக்கத்துல இருந்தவன் யாரு? இவன். எதிரி நாட்டுக்காரன் இவனை வெலைக்கு வாங்கிட்டான். உச்சி வெயிலுக்குள்ள தலையை எடுங்க."

ஒண்டிமுத்து வாயைத் தொறந்தான். ராசா கையைக் காட்டுனாரு.

"கதை வேணாம். கடைசியா என்ன சாப்பிடுற, ஒத்தை வார்த்தையில சொல்லு."

ஒண்டிமுத்து ஒரு மூச்சு யோசிச்சான். அப்புறம் சொன்னான்: "வெங்காயத்தொக்கு."

அந்த நாட்டுல ஒரு பழைய வழக்கம். சாகப் போறவன் கேக்குற சாப்பாட்டை அவன் வீட்டு அடுப்புலதான் ஆக்கணும். அரிசி பருப்பெல்லாம் அரமனையில சாமான் வைக்கிற உக்கிராணத்துல இருந்து வரும். ஆக்குறவங்க தன் கையால சட்டியை எறக்குற வரைக்கும் கத்தியை உறையில இருந்து உருவக் கூடாது. ராசாவோட தாத்தா போட்ட சட்டம். பேரனுக்கு அதை நெனைச்சாலே எரியும், ஆனா தாத்தா வாக்கை மீற பயம்.

சேதி குருவம்மாவுக்கு வந்துச்சு. வீரணன்னு ஒரு காவக்காரன், ஒரு சாக்கு வெங்காயத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, அதை எறக்கி வச்சிட்டு, தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான்.

குருவம்மா அழல. அழுவறதுக்கு நேரமில்ல. அவ மனசுல ஒண்ணுதான் ஓடுச்சு. இந்த மனுசன் எதுக்குத் தொக்கு கேட்டாரு? கஞ்சின்னு சொல்லிருந்தா கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள ஆயிரும். சோறுன்னா ஒரு கொதி. தொக்குன்னா உரிக்கணும், நறுக்கணும், வதக்கணும், எண்ணெய் பிரியுற வரைக்கும் கெளறணும்.

எனக்கு நேரம் வாங்கிக் குடுத்திருக்காரு. சரி. நேரத்தை வச்சு நான் என்ன பண்ண?

அருவாமனையை எடுத்துப் போட்டா. சாக்கை அவுத்தா. உரிக்க ஆரம்பிச்சா. ஒண்ணு ஒண்ணா, நிதானமா.

அரமனை முரசு ஒருக்கா அடிச்சுச்சு.

"ஆச்சா?"ன்னான் வீரணன்.

"இன்னும் தோலே உரியலண்ணே."

"கொஞ்சம் சீக்கிரமா…"

"தோலோட வதக்கிக் குடுத்தா உங்க ராசா சட்டம் ஒத்துக்குமா?"

வீரணன் திரும்பி நின்னுக்கிட்டான். வாசல்ல விழுந்த நெழல் ஒரு சாண் குறைஞ்சிருச்சு.

சாக்குல பாதிக்கு மேல உரிச்சப்ப அவ கையில ஒரு வெங்காயம் வந்துச்சு. முழு வெங்காயம் இல்ல, பாதி. அறுத்த பாதியும் இல்ல, கடிச்ச பாதி. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. உளி வச்சு வெட்டுன மாதிரி அகலமான பல்லுத் தடம்.

"என்னண்ணே இது, கடிச்ச வெங்காயத்தைக் கொண்டாந்திருக்கீங்க?"

"அத ஏன் கேக்குற. உக்கிராணத்துல மூட்டை கிழிஞ்சு பாதி காலியாக் கெடந்துச்சு. பெருச்சாளி வேலையாம்."

குருவம்மா அந்தக் கடியில தன் கட்டை விரலை வச்சுப் பாத்தா. விரல் அகலத்துக்கு ஒரே பல்லு. பெருச்சாளிக்கு இவ்ளோ பெரிய பல்லுன்னா, அது பெருச்சாளி இல்ல, பெருமாள் கோயில் யானை.

அவளுக்கு உச்சந்தலையில சுரீர்னுச்சு. ரெண்டு மூணு நாள்ல சுருண்டு விழுந்துரும்னு சொல்லுவாரே.

மூணு வெங்காயத்தையும் மடியில ஒளிச்சு வச்சா. சும்மா கேக்குற மாதிரி கேட்டா: "ஏண்ணே, முந்தாநாளு ராசா சவாரி போயிட்டு வந்தாருல்ல? குதிரைய லாயத்துக்குக் கொண்டாரவே இல்லைன்னு இவரு தேடிக்கிட்டு இருந்தாரு."

"எங்க கொண்டாருவாரு? பசின்னு வந்தாரு. உக்கிராணத்து வாசல்லயே குதிச்சு எறங்கி, கயித்தைக்கூடக் கட்டாம, கறிக்கொழம்பு வாசனையப் புடிச்சுக்கிட்டு உள்ள ஓடிட்டாரு. சாயங்காலமா நான்தான் புடிச்சுக் கொண்டாந்து…" சட்டுன்னு வாயைப் பொத்திக்கிட்டான். "நான் சொன்னேன்னு சொல்லிராத தாயி. எனக்கும் ஒரு தலைதான்."

இப்ப தெரிஞ்சுபோச்சு, குத்தவாளி யாருன்னு. ஆனா அதை யாருகிட்டப் போயிச் சொல்றது? குத்தவாளிகிட்டயேவா? நாலாவது ஆளா காணாமப் போறதுக்கா?

அடுப்பைப் பத்த வச்சா. சட்டியில நல்லெண்ணெய் ஊத்துனா. கடுகு வெடிச்சுச்சு. பெருங்காயம் பொரிஞ்சுச்சு. நறுக்குன வெங்காயத்தை அள்ளிப் போட்டு, உப்பைத் தூவி, தீயைக் கொறைச்சு வச்சா. அகப்பை சுத்துது, அவ மனசும் சுத்துது.

முரசு ரெண்டாவது தடவை அடிச்சுச்சு.

"ஆச்சா?"

"இன்னும் கண்ணாடி மாதிரி ஆவலண்ணே."

புளியைக் கரைச்சு ஊத்துனா. மிளகாய்ப் பொடி போட்டா. ஒரு துண்டு வெல்லம் கிள்ளிப் போட்டா. வாசல் நெழல் கதவுக்கு அடியில வந்து நின்னுக்கிச்சு. தொக்கு லேசா செவந்து சுருள ஆரம்பிச்சுது. இன்னும் கொஞ்ச நேரத்துல ஓரத்துல எண்ணெய் எட்டிப் பாத்துரும். எட்டிப் பாத்தா எறக்கணும். எறக்குனா அங்க கத்தி.

மூணாவது தடவை முரசு அடிக்கல. ராசாவே வந்துட்டாரு. குனியாம உள்ள நொழைஞ்சு, நெலையில மண்டைய இடிச்சுக்கிட்டாரு. அதைத் தேய்க்கக்கூட நேரமில்ல அவருக்கு.

"ஆச்சா?"

"எண்ணெய் பிரியணும் ராசா."

"எம்புட்டு நேரம்?"

"அது தீயோட இஷ்டம். அவசரப்படுத்துனா வேவாது."

"தீயோட இஷ்டமா? இந்த நாட்டுல என் இஷ்டம்தான்." மூலையில இருந்த வெறகுல மூணு கட்டையை உருவுனாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அடுப்புல சொருவுனாரு.

தீ சட்டியைச் சுத்தி ஏறுச்சு.

குருவம்மா கையில அகப்பை இருந்துச்சு. பக்கத்துல செம்பு நெறைய தண்ணி இருந்துச்சு. ஒரு கை தண்ணி தெளிச்சாப் போதும், தொக்கு தப்பிச்சிரும். ஆனா அவ அகப்பையைக் கீழ வச்சுட்டா.

புருசனோட உசுரு அந்தச் சட்டிக்குள்ள கெடக்கு. அது ஓரத்துல கருகறதை அவ பாத்துக்கிட்டே இருந்தா. அடி புடிச்சுச்சு. பொகை கெளம்புச்சு. வீரணன் வாசல்ல இருமுனான். ராசாவுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுச்சு.

"என்னம்மா இது, தீஞ்சு போச்சு."

குருவம்மா எந்திரிச்சு கையைக் கட்டிக்கிட்டு நின்னா.

"ஆமாங்க ராசா. அடுப்புக்குப் பக்கத்துல இருந்தவ நான்தான். குத்தம் என்னோடது. தண்டனைய எனக்குக் குடுங்க."

ராசாதான் எதையும் யோசிக்க மாட்டாரே. படக்குன்னு வாயில வந்துச்சு.

"உனக்கெதுக்குத் தண்டனை? நீ சும்மாதான நின்ன? கட்டையச் சொருவுனது நான்ல?"

"அப்ப, பக்கத்துல இருந்தவங்க மேல குத்தம் இல்லீங்களா?"

"இல்ல."

"தீயை வச்சவங்க மேலதான் குத்தம்?"

"ஆமா."

"இது தீர்ப்புங்களா ராசா?"

"தீர்ப்புதான். நான் சொன்னா சொன்னது. மாத்த மாட்டேன்."

குருவம்மா மடியை அவுத்தா. கடிபட்ட மூணு வெங்காயத்தையும் அவரு காலடியில வரிசையா வச்சா.

"உக்கிராணத்து மூட்டையில இருந்துச்சுங்க. பல்லைப் பாருங்க. குதிரைக்கு வெங்காயம் விஷம்னு என் வீட்டுக்காரரு தெனமும் சொல்லுவாரு. ஒரு சருகு கீழ விழ விடமாட்டாரு. முந்தாநாளு பவளத்தை எங்க விட்டீங்கன்னு நான் கேக்கல ராசா. நீங்களே உங்களைக் கேட்டுக்கங்க."

சட்டி மட்டும் சடசடன்னுது.

ராசாவோட கை இடுப்புல இருக்குற கத்திக்குப் போச்சு. அங்கயே நின்னுச்சு. குருவம்மா அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்தா. கண்ணைச் சிமிட்டல. அப்புறம் அந்தக் கை மெதுவா கீழ எறங்கி ஒரு வெங்காயத்தை எடுத்துச்சு. திருப்பிப் பாத்தாரு. பல்லுத் தடத்துல விரலை வச்சுப் பாத்தாரு. பொறந்ததுல இருந்து அவ்ளோ நேரம் எதையும் அவரு பாத்ததில்ல.

"கயித்தைக் கட்டாம ஓடிட்டேன்"னாரு. கறிக்கொழம்பு ஞாபகம் வந்திருக்கும் போல. தலை குனிஞ்சுருச்சு.

அப்புறம் பெரிய மனுசன் மாதிரி கையைப் பின்னால கட்டிக்கிட்டு மெதுவா வெளிய நடந்தாரு. குருவம்மாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"தலைய எடுக்கத்தான் நடக்கணும் ராசா. கட்டிப் போட்டவரை அவுத்துவிட ஓடுங்க."

ஓடுனாரு. வீரணன் பின்னாடி ஓடுனான். கத்தி உறையில இருந்துச்சு. சட்டி அடுப்புல இருந்துச்சு. ஒண்டிமுத்து தலை கழுத்துல இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் மறுபடியும் தொக்கு கெளறுனாங்க. இந்தத் தடவை அகப்பை ராசா கையில. எண்ணெய் பிரியுற வரைக்கும் கெளறாம எந்திரிக்கக் கூடாதுன்னு குருவம்மா சொல்லிட்டா. நடுவுல ஒரே ஒரு தடவை "ஆச்சா?"ன்னு கேட்டாரு. அவ திரும்பிப் பாத்தா. மறுபடி கேக்கல.

"தொக்குன்னு எதுக்குய்யா சொன்ன?"ன்னு குருவம்மா புருசன்கிட்டக் கேட்டா.

"குதிரையைப் பாத்ததும் வெங்காயம்னு தெரிஞ்சுருச்சு. எங்க தின்னுச்சுன்னுதான் தெரியல. ஒத்தை வார்த்தைதான குடுத்தாரு. உனக்குப் புரியும்னு நெனைச்சேன்."

"புரியலைன்னா?"

"தொக்காவது கெடைச்சிருக்கும்."

பவளம் எந்திரிச்சு நிக்க ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாசமும் ராசா நடந்துதான் போனாரு.

கதை அவ்ளோதான். இதுல இருக்குற நீதி என்னன்னா, தொக்கு கெட்டாலும் சரி, ஒரு நாடே கெட்டாலும் சரி, பக்கத்துல நின்னவனைப் புடிக்கிறதுக்கு முன்னாடி தீயை வச்சவன் யாருன்னு பொறுமையா பாக்கணும்.

எதுக்கு எல்லாரும் என்னைய அப்படிப் பாக்குறீங்க? ஆமா. நேத்து தங்கராசு கருவேப்பிலை வாங்கக் கீழ எறங்குனப்ப, பசி தாங்காம அடுப்புத் தீயைக் கூட்டி வச்சது நான்தான். நீங்க அவனைத் திட்டறப்ப, கூட நின்னு திட்டுனதும் நான்தான்.